உப்பும் முத்தும்: எலக்ட்ரான்களும் வேதிப்பிணைப்பும்

அணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைகின்றன என்பதை அவற்றின் வெளிக்கூட்டிலுள்ள எலக்ட்ரான்களே தீர்மானிக்கின்றன. இவை இணைதிறன் எலக்ட்ரான்கள் எனப்படும். தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூரை அடுத்த ஆறுமுகநேரி உப்பளங்களில் விளையும் உப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. குளோரினுக்கு 2, 8, 7. சோடியம் இழக்கும் ஓர் எலக்ட்ரானைக் குளோரின் ஏற்கிறது. எட்டு எலக்ட்ரான்களை அணுக்கள் 'விரும்புவதாக'ச் சொல்வது வழக்கம். அது நினைவில் வைக்க உதவுமே தவிர விளக்கமாகாது. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து (வாயு நிலையில்) எலக்ட்ரான்களை நீக்க 496 கிலோஜூல் தேவை. குளோரின் அணுக்கள் அவற்றை ஏற்கும்போது 349 கிலோஜூலே வெளிப்படும். கணக்கு நட்டத்தில்தான் நிற்கிறது. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் ஏறத்தாழ 787 கிலோஜூல்தான் அதை ஈடுசெய்கிறது. படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்துள்ளன. தனியே 'உப்பு மூலக்கூறு' என்று ஒன்று அதில் இல்லை.

மன்னார் வளைகுடா முத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கால்சியம் அயனிக்கும் கார்பனேட் அயனிக்கும் இடையே இருப்பது அயனிப் பிணைப்பு. கார்பனேட்டுக்குள்ளோ கார்பனும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன, இது சகப்பிணைப்பு. இப்பங்கீட்டுக் கருத்தை 1916-இல் கில்பர்ட் லூயிஸ் முன்வைத்தார். அமிலம் பட்டால் கார்பனேட் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். முத்து நகையில் எலுமிச்சைச் சாறு படக்கூடாது என்பது இதனால்தான்.