பெருவிரலைக் கேட்கும் பூங்கா வாயில்

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், சிக்காகோ நகருக்கு வடக்கே 'சிக்ஸ் பிளாக்ஸ் கிரேட் அமெரிக்கா' என்னும் பெரிய கேளிக்கைப் பூங்கா உள்ளது. 2014ஆம் ஆண்டு பள்ளிச் சுற்றுலாவில் அங்கு சென்ற 14 வயதுச் சிறுவனிடம், பருவகால நுழைவு அட்டைக்காகப் பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. அட்டைக்கான பணத்தை முன்கூட்டியே செலுத்தியிருந்த தாயாருக்கு இதுபற்றி எவரும் அறிவிக்கவில்லை. மகன் வீடு திரும்பி, இப்போது எல்லாம் விரலாலேயே நடக்கிறது என்று சொன்னபோதே அவர் விடயத்தை அறிந்தார். சிறுவன் அதன்பின் அப்பூங்காவுக்குச் செல்லவில்லை. அவனது விரலடையாளமோ நிர்வாகத்திடமே இருந்தது.

தாயார் வழக்குத் தொடுத்தார். பணம் களவு போகவில்லை, எவருக்கும் காயமில்லை, பிறகு என்ன நட்டம் என்பதே நிர்வாகத்தின் வாதம். 2019 ஜனவரி 25இல் மாநில உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏகமனதாக நிராகரித்தது. சட்டம் வழங்கிய உரிமை மீறப்பட்டதே போதும், வேறு நட்டத்தை நிரூபிக்கத் தேவையில்லை எனத் தீர்ப்பளித்தது. 2021இல் 3 கோடியே 60 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டு நிறுவனம் இணக்கத்திற்கு வந்தது.

இத்தீர்ப்புக்கு அடிப்படையான சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. கடைகளில் விரலை வைத்துப் பணம் செலுத்தும் சேவையை நடத்திய ஒரு நிறுவனம் 2007இல் வங்குரோத்தாகியிருந்தது. வாடிக்கையாளரின் விரலடையாளங்களும் சொத்தோடு சொத்தாக விற்கப்பட்டுவிடுமோ என்ற அச்சம் அப்போது எழுந்தது. எதற்காகப் பெறுகிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என எழுத்தில் அறிவித்து, எழுத்தில் சம்மதம் பெறவேண்டும் என்கிறது அச்சட்டம். வங்கி அட்டை தொலைந்தால் வேறொன்று கிடைக்கும். விரலுக்கு மாற்று விரல் எங்கே கிடைக்கும்?

புளோரிடாவின் டிஸ்னி பூங்காக்கள் இவ்வழியில் முன்னோடிகள். 1990களிலேயே அங்கு வருடாந்த அட்டைக்காரரின் விரல் வடிவம் அளக்கப்பட்டது. பின்னர் ஏனைய பார்வையாளரும் விரல் வைக்கவேண்டியதாயிற்று. பல நாள் நுழைவுச்சீட்டின் எஞ்சிய நாட்களைப் பிறருக்கு விற்பதைத் தடுப்பதே நோக்கம் என்றார்கள். 2016இல் 3 முதல் 9 வயதுவரையான குழந்தைகளிடமும் விரல் கேட்கப்பட்டது. விரலின் படத்தை எண்ணாக மாற்றியதும் படத்தை அழித்துவிடுவதாக நிறுவனம் கூறியது. படம் போகலாம், ஆயினும் அந்த எண் அதே விரலைத்தானே இனங்காணும்!

ஒரு நுழைவுச்சீட்டுக்காக இத்தனை கவலையா என்று சிலர் கேட்கக்கூடும். ஐரோப்பாவில் அகதித் தஞ்சம் கோரிய எம்மவர்க்கு இதன் விடை அனுபவத்திலேயே உண்டு. 2003 ஜனவரியில் 'யூரோடாக்' என்னும் பொதுக் கணனிப் பதிவகம் செயற்படத் தொடங்கியபோது, ஒருவர் எந்த நாட்டில் முதலில் பதிவானார் என்று அறிவதே அதன் பணியாக இருந்தது. 14 வயது நிரம்பியோரின் பத்து விரல்களும் பதியப்பட்டன. 2015இல் பாரிய குற்றங்களை விசாரிக்கும் பொலிஸாருக்கும் நிபந்தனைகளுடன் அதில் தேட வழி திறக்கப்பட்டது. 2024இல் நிறைவேறிய சட்டம் வயதெல்லையை 6 ஆகக் குறைத்து, முகப்படத்தையும் சேர்த்தது. பதிவு ஒன்று உருவானபின் அதன் பயன் விரிந்துகொண்டே போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தஞ்சக் கோரிக்கையின்போது விரல் கொடுக்க மறுக்க எம்மால் முடியவில்லை. விளையாட்டுப் பூங்காவின் வாயிலில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆயினும் வரிசை நீளும், பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள், காவலர் கைகாட்டுவார். அதிகாரத்தின் முன் விரலை நீட்டிப் பழகிய நாமோ கேள்வியின்றி நீட்டிவிடுகிறோம். பிள்ளையின் விரலைக் கொடுக்க விரும்பாத பெற்றோர் அதற்குப் பதிலாகத் தம் விரலை வைக்கலாம் என்று டிஸ்னியே 2016இல் கூறியிருந்தது. வளர்ந்தோர் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டவும் இடமளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை இனங்காணப் பயன்படும் விரலடையாளத்தைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவாக வகுத்துள்ளது. எதற்காகப் பெற்றீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என நிறுவனத்திடம் கேட்கவும், கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும் அச்சட்டம் வழிசெய்கிறது. வதிவிட அனுமதி கிடைத்தவரா இல்லையா என்ற வேறுபாடு அதில் இல்லை.