வலை கட்டினால் போதுமா?

குழந்தைகள் ஏறி விளையாடும் கயிற்று வலைகளை நகரசபையார் பூங்காக்களில் அமைப்பது வரவேற்கத்தக்கதே. ஏறும் குழந்தை கைவலுவையும் மனத்துணிவையும் ஒருங்கே பெறுகிறது. ஆயினும், திறப்பு விழாவுடன் சபையாரின் கடமை தீர்ந்துவிடுமா?

குழந்தை விழுவது இயற்கை. எதன்மேல் விழுகிறது என்பதே கேள்வி. 3 மீட்டருக்கு மேற்பட்ட விழும் உயரத்தை ஐரோப்பியத் தரவிதிகள் அனுமதிப்பதில்லை. அவ்வுயரத்திற்கும் கீழே 30 சென்டிமீட்டர் கனத்திற்கு மணல் வேண்டும் என்கின்றன. சிமெண்டுத் தரைமீது வலை கட்டுவது குழந்தைகளுக்கு இழைக்கும் துரோகமேயாகும்.

வலைக்கண்ணும் கவனிக்கத்தக்கது. உடல் நுழைந்து தலை நுழையாத கண், குழந்தையைக் கழுத்தில் தொங்கவிடும். ஆகவே கண்ணின் சுற்றளவு சுமார் 43 சென்டிமீட்டருக்குக் குறைந்தோ, 71 சென்டிமீட்டருக்கு மிகுந்தோ இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்புக் கமிஷனின் யோசனை. இதே காரணத்தால், சைக்கிள் தலைக்கவசமோ துப்பட்டாவோ அணிந்த குழந்தையைப் பெற்றோர் ஏறவிடலாகாது.

வெயிலிலும் மழையிலும் கயிறு நைந்துபோகும். முடிச்சும் கொக்கியும் தளரும். இவற்றை இடைவிடாது சோதிக்க ஓர் ஆள் வேண்டும். வலைக்குப் பணம் ஒதுக்கிய சபை, மணலுக்கும் மேற்பார்வைக்கும் எவ்வளவு ஒதுக்கியது? வாக்குக் கேட்டு வருவோரிடம் இதைக் கேட்பது நமது கடமை.