நாதசுரம் கடையும் எந்திரம்

நாமகிரிப்பேட்டை என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது?

ராசிபுரம் பக்கத்து விவசாயியைக் கேட்டால், "மஞ்சள்" என்பார். இசைப் பிரியரைக் கேட்டால், "நாதசுரம்" என்பார்.

நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) தம் நாதசுரத்தால் இந்த ஊரின் பெயரை எங்கும் ஒலிக்கச் செய்தார். 1981-ம் ஆண்டு மத்திய அரசு அவருக்கு "பத்மஸ்ரீ" விருது வழங்கியது.

நாதசுரம் உருவாவதற்கு ஓர் எந்திரம் வேண்டும். அதுதான் கடைசல் எந்திரம். மர வேலை எந்திரங்களில் மிகப் பழையது இது.

பழைய வீட்டு மரம்

நாதசுரம் செய்வதில் பெயர் பெற்ற ஊர், தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை. அந்த ஊர் நாதசுரத்துக்கு 2022-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

இதற்கு ஏற்றது ஆச்சா மரம். பச்சை மரம் உதவாது. அது உலரும்போது சுருங்கும், வெடிக்கும். ஆகவே, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் ஆசாரிகள் தேடி வாங்குவார்கள்.

மரத்துண்டைப் பட்டறையில் மாட்டி, கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுப்பார். மரம் சுழலும். இன்னொருவர் அதில் உளியைப் பிடிப்பார். சுருள் சுருளாகச் சீவல் விழும். கையால் கடையும் முறை இதுதான்.

உள்ளே போடும் துளை மேலே குறுகி, கீழே போகப் போக அகலும். விரல் வைக்க 7 துளைகள். கீழே இன்னும் 5 துளைகள். அவற்றில் மெழுகு வைத்துச் சுருதியைச் சரி செய்வார்கள்.

எகிப்து நாட்டில் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முந்திய கல்லறை ஒன்று இருக்கிறது. அதன் சுவரிலும் கடைசல் வேலை செதுக்கப்பட்டுள்ளது. ஒருவர் வாரைப் பிடித்து இழுக்கிறார். இன்னொருவர் உளி பிடிக்கிறார். அதே வேலை! அதே இரண்டு பேர்!

கப்பலுக்குக் கப்பி

ஆள் இழுக்காமல் எந்திரம் ஓடினால் என்ன ஆகும்? இங்கிலாந்துக் கடற்படை அதைக் காட்டியது.

பாய்மரக் கப்பலில் கயிறுகளை இழுக்க மரக் கப்பிகள் வேண்டும். நம் கிணற்றுக் கப்பியைப் போன்றவைதான். ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு மட்டும் சுமார் 1,000 கப்பிகள்!

பிரான்சில் பிறந்த மார்க் புரூனல் இதற்கான எந்திரங்களை வகுத்தார். லண்டன் பட்டறைக்காரர் ஹென்றி மாட்ஸ்லே அவற்றைச் செய்து கொடுத்தார். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் அந்த எந்திரங்களை நீராவி ஓட்டியது. 1808-ம் ஆண்டில் அங்கே 1 லட்சத்து 30 ஆயிரம் கப்பிகள் தயாராயின.

முன்பு கைதேர்ந்த தொழிலாளர்கள் 110 பேர் செய்த வேலையை, தொழில் பழகாத 10 பேர் செய்து முடித்தார்கள். மீதி 100 பேரின் கைத்திறனுக்கு அங்கே இடம் இல்லை.

அதன் பிறகு புதுப்புது எந்திரங்கள் வந்தன. 1819-ல் அமெரிக்கர் தாமஸ் பிளான்சார்டு, துப்பாக்கிக் கட்டையை அச்சுப் பார்த்து அப்படியே கடையும் எந்திரம் கண்டார். எந்திரம் செய்து விற்பதே தனித் தொழில் ஆயிற்று. அமெரிக்காவில் "பே அண்டு ஈகன்", இங்கிலாந்தில் "வாட்கின்" ஆகிய கம்பெனிகள் இதில் புகழ் பெற்றன.

காது கேட்கும் வேலை

கப்பிகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் போதும். நாதசுரம் அப்படி அல்ல. மரத்துக்கு மரம் தன்மை மாறும். ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்து, கேட்டுத் திருத்த வேண்டும்.

முன்பு "திமிரி" என்ற குட்டை நாதசுரமே வழக்கில் இருந்தது. அதன் சுருதி மிகவும் உச்சம். சுருதி தாழ்ந்த நீண்ட "பாரி" நாதசுரம் சிறப்புற்றதற்கு, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் காரணம். ஊதுகிறவரின் காதும் கடைகிறவரின் கையும் சேர்ந்து செய்த வேலை அது.

கயிறு இழுக்க ஆள் இல்லை என்றால், அதை மோட்டார் செய்துவிடும். சுரம் கேட்டு உளி பிடிக்க மனிதர்தான் வேண்டும். அந்த வித்தையைக் கற்க இளைஞர்கள் வர வேண்டும்.

அடுத்த முகூர்த்தத்தில் நாதசுரம் கேட்கும்போது, ஊதுகிறவரோடு கடைந்தவரையும் நினைத்துக் கொள்ளுங்கள்!