ஐப்பசி விசுவும் ஒரு கோலின் நிழலும்

ஓர் ஆண்டு செப்டம்பர் 23 அன்று மாணவர் சிலருடன் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், திறந்த வெளியில், ஒரு மீட்டர் நீளக் கோலைச் செங்குத்தாக நட்டோம். நிழலின் நுனியை அவ்வப்போது கூழாங்கற்களால் குறித்து வந்தோம். மாலையில் பார்த்தால், கற்கள் கிழக்கு மேற்காக ஒரே நேர்கோட்டில் கிடந்தன! ஆண்டின் மற்ற நாட்களில் இக்கோடு வளைந்துவிடும்.

அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. கொல்லிமலையோ ஏறத்தாழ 11¼ பாகை வட அட்சத்தில் உள்ளது. ஆகவே உச்சிவேளையில் (அங்கே அது கடிகாரத்தில் 12 மணி 9 நிமிடம்) சூரியன் அதே அளவு தெற்கே சாய்ந்து தெரியும். கோலின் நிழல் வடக்கே 20 சென்டிமீட்டர் விழும். ஒரு மாதத்துக்கு முன்பு, ஆகஸ்ட் 23, 24 வாக்கில், அதே கோலுக்கு உச்சியில் நிழலே இராது.

இந்தச் சம இரவு நாளைக் கொண்டாடுவோர் பலர். ஜப்பானில் இது அரசு விடுமுறை. மேலைநாடுகளில் பழஞ்சமய வழிபாட்டைப் புதுப்பித்துள்ள 'பேகன்' நெறியினர் 'மேபன்' என்னும் அறுவடை விழா எடுக்கின்றனர். விழா பழமையானதாகத் தோன்றினாலும் பெயர் 1970-களில் இடப்பட்டதுதான்.

"நமக்கு அப்படி ஒரு விழா இல்லையா, சார்?" என்றான் ஒரு மாணவன்.

உண்டு, அதுவே ஐப்பசி விசு. குற்றாலநாதர் கோயிலில் அது பெருவிழா. 'விஷுவம்' என்ற வடசொல் இரவும் பகலும் சமமான நாளைக் குறிப்பது. ஆனால் ஐப்பசி முதல் நாள் வருவதோ அக்டோபர் 17 அல்லது 18-இல். இடையில் ஏறத்தாழ 25 நாள் எப்படிப் புகுந்தது?

சுழலும் பம்பரம் தலையாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பூமியின் அச்சும் அவ்வாறே சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெல்லத் தலையாட்டுகிறது. அதனால் விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட 20 நிமிடம் நீண்டது. இருபது நிமிடம் அற்பமே. ஆனால் 72 ஆண்டில் அது ஒரு முழு நாளாகிவிடுகிறது! நம் பஞ்சாங்கம் விண்மீன் வழிப்பட்டது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் விசுவும் சம இரவும் ஒன்றாகவே இருந்தன. பஞ்சாங்கம் கணித்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் விண்மீனைக் கைவிடவில்லை, அவ்வளவுதான். மேகநாத சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில் ஆசுவின மாதம் செப்டம்பர் 23 அன்றே பிறக்கிறது. அதைப் பார்த்து விழா எடுப்போரைத்தான் காணோம்.

இன்னொரு வேடிக்கை: சம இரவு நாளில் பகலும் இரவும் சரிசமம் அல்ல. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் சூரியன் எழுமுன்பே நமக்குத் தெரிகிறது. மேலும், அதன் மேல்விளிம்பு தோன்றுவதையே உதயம் என்கிறோம். இதனால் நம் பகுதியில் அன்று பகல் 12 மணி 7 நிமிடம் அளவுக்கு நீள்கிறது. உண்மையான சமம் அக்டோபர் முதல் வாரத்தில்தான்.

ஐப்பசி முதல் நாளன்று அதே இடத்தில் கோலை நட்டால், உச்சி நிழல் சுமார் 38 சென்டிமீட்டர் இருக்கும். பகல் 11 மணி 52 நிமிடமாகக் குறைந்திருக்கும். மழை மேகம் வழிவிட்டால் நீங்களே அளந்து பார்க்கலாம்.