ஆறு பென்சுக்கு ஒரு சாளரம்



கட்டடக் கலை என்றவுடன் கோபுரமும் அரண்மனையுமே நினைவிற்கு வருகின்றன. உழைப்பாளி ஒருவன் ஓர் இரவு தலைசாய்ப்பதற்கென எழுந்த கட்டடத்தையும் கலையென மதித்து ஆராயலாம் என்பது நமது கருத்து. விக்டோரியா மகாராணியார் ஆட்சியின் இறுதிப் பகுதியில் இலண்டன் மாநகரில் தோன்றிய ‘ரௌட்டன் இல்லங்கள்’ அத்தகையவை.

அந்நாளில் வேலை தேடி இலண்டனுக்கு வந்த ஏழை ஆடவர் மலிவான விடுதிகளில் தங்கினர். ஒரே கூடத்தில் பலர் நெருங்கிப் படுப்பர். காற்றோட்டம் குறைவு, மூட்டைப்பூச்சி மிகுதி. பிரதமர் டிஸ்ரேலியின் அந்தரங்கச் செயலாளராய் இருந்த ரௌட்டன் பிரபு இந்நிலையை ஆராய்ந்தறிந்தார். தம் சொந்தப் பணம் 30,000 பவுனைச் செலவிட்டு வாக்ஸால் என்னுமிடத்தில் முதல் இல்லத்தை எழுப்பினார். அது 1892 டிசம்பர் 31ஆம் நாள் திறக்கப்பெற்றது. ஓர் இரவுக்குக் கட்டணம் ஆறு பென்சு, அதாவது அரைச் சிலிங்.

ஆளுக்கொரு சிற்றறை, அறைக்கொரு சாளரம் என்பதே இவ்வில்லங்களின் அடிப்படை. கேட்பதற்கு எளிது, கட்டுவதற்கு எளிதன்று. மாணவர்களே, பெரிய சதுரக் கட்டடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நடுவில் அமையும் அறைக்கு வெளிச்சுவர் ஏது? வெளிச்சுவர் இல்லையேல் சாளரம் ஏது? ஆகவேதான் கட்டடத்தை நீண்டு ஒடுங்கிய சிறகுகளாகப் பிரித்து, இடையிடையே திறந்த முற்றங்களை விட்டனர். கட்டணம் குறைவாதலின் நூற்றுக்கணக்கானோர் தங்கினால்தான் வரவு செலவிற்கு ஈடாகும்; எனவே மாடிமேல் மாடி எழுந்தது. வெளியே செங்கற் சுவரும் சுடுமண் அணிகளும் அதற்கு ஒரு மாளிகைத் தோற்றம் தந்தன.

அறைகளின் தடுப்புகள் கூரை வரை எட்டவில்லை. காற்று உலவும், அடுத்தவர் குறட்டையும் உலவும்! பழைய லயத்து வீடுகளை அறிந்த பெரியவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

தரைத்தளமே இல்லத்தின் உயிர்நிலை எனலாம். உணவுக்கூடம், படிப்பறை, புகைபிடிக்கும் அறை, குளியலறைகள், நடந்து களைத்தோர் கால் கழுவும் தொட்டிகள் யாவும் அங்கே இருந்தன. உணவுப் பொருள் விற்கும் கடையும் உண்டு. முடிதிருத்துபவர், தையற்காரர், செருப்புத் தைப்பவர் ஆகியோருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. கிழிந்த சட்டையோடு வேலை கேட்கச் சென்றால் யார் தருவர்? அத்தேவையை உணர்ந்து வகுத்த அமைப்பு இது.

குறைகளும் இல்லாமலில்லை. பெண்களுக்கு இடமில்லை. பகலில் அறைகள் பூட்டப்பட்டன. நோயாளியாயினும் காலையில் கீழே இறங்கியாக வேண்டும் என்றால் அது கொடுமையே. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1933இல் வெளிவந்த தம் நூலில், இக்கட்டடங்களைப் புகழ்ந்துவிட்டு, கடுமையான விதிகளைக் குறை கூறினார்.

இது தர்மசத்திரமன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். பின்னர் நிறுவனமாகிப் பங்குதாரருக்கு ஆதாயமும் ஈட்டியது. 1896இல் கிங்ஸ் கிராஸ், 1897இல் நியூயிங்டன் பட்ஸ், 1899இல் ஹாமர்ஸ்மித் என இல்லங்கள் தொடர்ந்தன. ரௌட்டன் பிரபு 1903இல் காலமானார். அவர் மறைவுக்குப் பின் 1905இல், ஆயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகளுடன் கேம்டன் டவுனில் எழுந்த ஆர்லிங்டன் இல்லம், இருபத்தோராம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பெற்று, வீடற்றோர் தங்குமிடமாகவே தொடர்ந்தது.