மின்காரின் ஓட்டத்தொலைவும் சக்கர மூடியும்

மின்கார் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். அதற்கான விடை பேட்டரியின் கொள்ளளவில் மட்டுமே அடங்கியிருப்பதாகப் பரவலாக எண்ணப்படுகிறது. ஆனால் அலாய் வீலின் மேல் அழுத்திப் பொருத்தப்படுவதும் வேண்டாமென்றால் கையாலேயே கழற்றிவிடக் கூடியதுமான ஒரு பிளாஸ்டிக் மூடிக்கும் அதில் அளந்து காட்டக்கூடிய பங்கு உண்டு. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெஸ்லா மாடல் 3 காரின் 18 அங்குலச் சக்கரங்களில் இருந்த மூடிகள் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. அவை பார்வைக்கு அழகாக இல்லை என்று கழற்றி வைத்தவர்கள் கணிசமாக இருந்தனர். மூடி இல்லாத சக்கரத்தின் நடுப்பகுதியையும் நட்டுகளையும் மறைப்பதற்கான சிறு தொப்பிகளை அந்நிறுவனமே தனியாக விற்றது.

ஓடும் காரைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை நான்கு அளவுகளைச் சார்ந்தது: காற்றின் அடர்த்தி, காரை நேர் எதிரே நின்று பார்க்கையில் தெரியும் முகப்புப் பரப்பு, வேகத்தின் வர்க்கம், காரின் வடிவம் காற்றை எந்த அளவுக்குக் குலைக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணாகிய இழுவைக் கெழு. இந்தக் கெழு குறையக் குறையக் கார் காற்றில் எளிதாக வழுக்கிச் செல்லும்; முதல் மாடல் 3 காருக்கு அது 0.23 என்று அறிவிக்கப்பட்டது. இதற்கு அடுத்த பெரிய தடை, டயர் தரையில் அழுந்தி நெளிந்து மீள்வதால் எழும் உருளல் தடை. இது வேகத்தால் அதிகம் மாறுவதில்லை. அத்தகைய காரில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இழுவிசை ஏறத்தாழ 70 நியூட்டனும் உருளல் தடை ஏறத்தாழ 160 நியூட்டனுமாக இருக்கும். வேகத்தை இருமடங்காக்கி மணிக்கு 108 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனால், உருளல் தடை கிட்டத்தட்ட அப்படியே நிற்க, காற்றின் இழுவிசையோ நான்கு மடங்காகி 275 நியூட்டனை எட்டிவிடுகிறது. நகருக்குள் டயரோடு போராடும் அதே வண்டி நெடுஞ்சாலையில் காற்றோடுதான் முதன்மையாகப் போராடுகிறது.

இந்தக் காற்றுத் தடையில் சக்கரங்களுக்கும் அவை சுழலும் குழிவுகளுக்கும் உள்ள பங்கு வியப்பூட்டுவது. மொத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு அவற்றால் வருவதாகக் காற்றியக்கவியல் பொறியாளர்கள் மதிப்பிடுகின்றனர். காரின் உடலைப் போல இழைத்துச் சீராக்க முடியாத உறுப்பு சக்கரம். ஏனெனில் அது ஒரே நேரத்தில் முன்னோக்கிச் செல்லவும் சுழலவும் வேண்டியிருக்கிறது. தரையைத் தொடும் புள்ளியில் டயர் தரையைப் பொறுத்து அசைவற்று இருக்க, அதன் உச்சி காரின் வேகத்தைப் போல இருமடங்கு வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. திறந்த ஆரக்கால்கள் கொண்ட அலாய் வீல் மின்விசிறியின் இறக்கைகளைப் போலக் காற்றைத் தள்ளுவதால், அதைச் சுழற்றுவதற்கென்றே மோட்டார் சிறிது ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய கேடு வெளியே நிகழ்கிறது: ஆரக்கால்களின் இடைவெளி வழியே பீறிட்டு வரும் காற்று, காரின் பக்கவாட்டில் படிந்து சீராக ஓடிக்கொண்டிருந்த காற்றோட்டத்தைக் கலைத்துச் சுழல்களாக்க, முன்சக்கரத்தில் பிறந்த அந்தக் கலக்கம் பின்சக்கரம் வரை சென்று அங்குள்ள ஓட்டத்தையும் கெடுக்கிறது. சக்கரங்கள் அசையாமல் நிற்கும் பழைய வகைக் காற்றுச் சுரங்கச் சோதனைகளில் இவை முழுமையாக வெளிப்படுவதில்லை. காருக்கு அடியில் பட்டை போல ஓடும் தரையும் சுழலும் சக்கரங்களும் கொண்ட சோதனைக் கூடங்கள் வந்த பிறகே இந்த இழப்பைத் துல்லியமாக அளக்க முடிந்தது.

மூடியின் வேலை இந்தக் கலக்கத்தைத் தொடங்கும் இடத்திலேயே தணிப்பது. ஆரக்கால்களுக்கு இடையிலான பள்ளங்களை அடைத்து, சக்கரத்தின் வெளிமுகத்தைக் கூடுமானவரை தட்டையாக்கி, டயரின் பக்கச்சுவரோடு ஒரே மட்டத்தில் கொண்டுவந்தால், காற்று அங்கே தடுக்கி விழ இடம் குறைகிறது. நடுப்பகுதியை விட ரிம்மை ஒட்டிய வெளிவளையத்தை மூடுவதே அதிகப் பயன் தரும். அதிக வேகத்தில் சுழல்வதும் பரப்பில் பெரியதும் அந்த வளையம்தான்.

பயன் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை தேடி, அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் மாடல் 3 காரை மூடிகளுடனும் மூடிகள் இல்லாமலும் சோதனைத் தடத்தில் சீரான வேகங்களில் ஓட்டிப் பார்த்து, மூடிகளால் ஆற்றல் திறன் சராசரியாக 3.4 சதவீதம் மேம்படுவதாகக் கண்டது. மேலே சொன்ன கணக்கோடு இதை ஒப்பிடலாம். மூடி காற்றின் இழுவிசையில் 5 சதவீதத்தைக் குறைப்பதாகக் கொண்டால், மணிக்கு 108 கிலோமீட்டரில் மிச்சமாகும் 14 நியூட்டன், மொத்தத் தடையாகிய 435 நியூட்டனில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 400 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அது 13 கிலோமீட்டர் அளவிலான கூடுதல் ஓட்டம். மணிக்கு 54 கிலோமீட்டரிலோ மிச்சம் ஒன்றரை சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அதுவும் கிடைக்காது.

இந்த அளவு ஆதாயம் பெட்ரோல் காரில் பெரிதாகத் தெரியாமல், மின்காரில் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. 60 கிலோவாட் மணி பேட்டரியில் இருப்பது ஏழு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றலே. பெட்ரோல் எஞ்சின் தன் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாக இழப்பதால் காற்றுக்கு இழக்கும் பங்கு அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடுகிறது. மின்மோட்டார் பேட்டரியிலிருந்து பெறும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே சேர்த்துவிடுவதால், எஞ்சும் செலவினங்களில் நெடுஞ்சாலையில் காற்றுத் தடை முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. மேலும், காரின் எடையை வேகப்படுத்தச் செலவிட்ட ஆற்றலின் ஒரு பகுதியை, பிரேக் பிடிக்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கி மீட்டுக்கொள்ள முடியும். காற்றைக் கலக்குவதில் போன ஆற்றலில் ஒரு துளியும் திரும்பாது.

சக்கரத்தை மூடும் எண்ணம் மின்காரோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பானவில் உப்புச் சமவெளியில் வேகச் சாதனைக்காக ஓடிய கார்களில், கலிபோர்னியாவைச் சேர்ந்த டீன் மூன் விற்ற தட்டையான அலுமினியத் தட்டுகள் 1950களிலேயே சக்கரங்களை மூடின. ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் கொண்டுவந்த இ.வி.1 மின்காரின் இழுவைக் கெழு 0.19; அதன் பின்சக்கரங்களின் மேற்பகுதியை உடலின் தகடே பாவாடை போல மறைத்தது. முன்சக்கரங்கள் திரும்ப வேண்டியிருப்பதால் அவற்றுக்கு இந்த ஏற்பாடு கடினம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் மூடியே அங்கே தீர்வாகிறது.

அப்படியானால் எல்லாக் கார்களும் முழுத் தட்டுகளை ஏன் பொருத்தவில்லை என்றால், பிரேக்கின் வெப்பம்தான் முதன்மையான தடை. பிரேக் தட்டில் உராய்வால் எழும் சூடு ஆரக்கால்களின் இடைவெளி வழியாகவும் வெளியேறியாக வேண்டும். மின்காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே ஏற்றுக்கொள்வதால் அந்தத் தேவை குறைந்திருக்கிறது, ஆனால் அற்றுப்போகவில்லை: முழுச் சார்ஜுடன் மலையிலிருந்து இறங்கும் காரின் பேட்டரியில் மீட்ட ஆற்றலைச் சேர்க்க இடமிருக்காது என்பதால், அப்போது உராய்வு பிரேக்குகளே சுமை தாங்க வேண்டியிருக்கும். ஆகவேதான் பெரும்பாலான மூடிகளில் குறுகிய பிளவுகள் சில விடப்பட்டுள்ளன. கடையில் கிடைக்கும் ஏதோவொரு தட்டை வாங்கி எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவது பொறியாளர்கள் கணக்கிட்டு விட்ட இந்த இடைவெளியைப் பாழாக்கும் செயல்.

மூடியைப் பற்றிய பேச்சில் மறைந்துபோகும் பெரிய உண்மை ஒன்று உண்டு. சக்கரத்தின் அளவு, மூடி மிச்சப்படுத்துவதைவிடச் சில மடங்கு தொலைவைத் தின்னக்கூடியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு 19 அங்குலச் சக்கரங்களோடு 396 மைல் ஓடியது. அதே கார் 21 அங்குலச் சக்கரங்களோடு 348 மைல்தான் ஓடியது. லூசிட் ஏர் கிராண்ட் டூரிங் காரில் இதே மாற்றத்தால் 516 மைல் 469 மைலாகச் சுருங்கியது. பெரிய சக்கரங்கள் பெரும்பாலும் அகன்ற டயரையும் கூடுதல் எடையையும் அதிக உருளல் தடையையும் திறந்த ஆரக்கால்களையும் ஒருசேரக் கொண்டுவருவதால், இந்த இழப்பு முழுவதும் காற்றினால் மட்டும் வருவதன்று. ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை முறை, வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் சக்கரத்தின் விளைவையும் அந்தக் காரின் ஓட்டத்தொலைவு எண்ணில் சேர்த்தே காட்ட வேண்டும் என்று விதித்திருப்பது நேர்மையான ஏற்பாடு. அந்தச் சோதனையின் உச்ச வேகம் மணிக்கு 131 கிலோமீட்டர்; இந்தியாவில் வழங்கிவரும் எம்.ஐ.டி.சி. சோதனையிலோ அது 90 கிலோமீட்டர் என்பதால், காற்று நெடுஞ்சாலையில் வசூலிக்கும் வரி இந்திய விளம்பர எண்களில் குறைவாகவே தெரியும்.

ஊருக்குள் மட்டும் ஓடும் காரில் மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்பவர்கள் காரோடு வந்த மூடியைக் கழற்றாமல் வைத்திருங்கள். டயர் மாற்றிய பிறகு அதன் கொக்கிகள் இறுகப் பிடித்திருக்கின்றனவா என்று சுற்றிலும் அழுத்திப் பாருங்கள். புதிதாக வாங்கும்போது, ஒரே காருக்கு இரண்டு அளவுகள் தரப்பட்டால், சிறிய சக்கரத்தையே கேட்டு வாங்குங்கள்.