அந்த மூன்று நோட்டுப் புத்தகங்களை யார் வாங்கிக்கொள்வது?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சதுரங்க மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. பள்ளிக்கூட அறையொன்றில் பெஞ்சுகளைச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டு, ஏறத்தாழ முப்பது பேர் அமர்ந்திருந்தனர். பதினேழு ஆண்டுகளாக அம்மன்றத்தின் செயலாளராயிருந்த பெரியவர், உடல்நலக் குறைவின் காரணமாகப் பொறுப்பிலிருந்து விடுபட விரும்பினார். அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நால்வர் எழுந்து நெஞ்சம் நெகிழப் பாராட்டினார்கள். பின்பு, "அடுத்த செயலாளராக யார் முன்வருகிறீர்கள்?" என்ற கேள்வி எழுந்தது. அதன்பின் அவ்வறையில் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்டது.

மேசைமீது பெரியவரின் மூன்று நோட்டுப் புத்தகங்களும் அலமாரிச் சாவியும் இருந்தன. ஒன்று உறுப்பினர் பட்டியல். இன்னொன்று வரவு செலவு. மற்றொன்று போட்டிப் பதிவேடு. எல்லாரும் அவற்றைப் பார்த்தார்கள். கை நீட்டியவர் எவருமில்லை.

ஆர்வமின்மையே இதற்குக் காரணம் என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். உண்மை அதுவன்று. அங்கிருந்த இளைஞர்களில் பலர் வேலை முடிந்து, இரவு உணவையும் மறந்து ஆடுகிறவர்கள். ஆடுவதில் அவர்களுக்குள்ள அந்தப் பேராவலே அவர்களைத் தடுத்தது என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. பொறுப்பேற்பவன் ஆட முடியாது. மற்றவர்கள் பலகைமுன் தலைகுனிந்து அமர்ந்திருக்கையில், அவன் ஒருவன் மட்டும் நாற்காலி போதவில்லையே என்று ஓடிக்கொண்டிருப்பான். விளையாட்டை நேசித்து மன்றத்தில் சேர்ந்தவனிடம், மன்றத்திற்காக விளையாட்டையே கொஞ்சம் விட்டுக்கொடு என்று கேட்கிறோம். கேட்பது சிறியதன்று.

வேலை எத்தகையது என்பதை, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அறிவதில்லை. நாற்பது பேர் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் ஆடுவதென்றால் முப்பத்தொன்பது சுற்றுகள் வேண்டும்; மாதக்கணக்கில் முடியாது. தோற்றவர் வெளியேறுவது என்று வைத்தாலோ, முதல் சுற்றிலேயே பாதிப்பேர் வீட்டிற்குப் போய்விடுவார்கள். பேருந்தேறி வந்த பத்து வயதுச் சிறுவன் அரைமணி நேரத்தில் கண்ணீரோடு திரும்புவான். இவ்விரு தொல்லைகளுக்கும் தீர்வாக ஏற்பட்டதுதான் சுவிஸ் முறை. 1895-ஆம் ஆண்டு சூரிச் நகரில் நடந்த போட்டியில் முதன்முதலாக இது கையாளப்பட்டது. வென்றவரும் தோற்றவரும் கடைசிவரை ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சமமான புள்ளி பெற்றவர்களையே கூடியவரை எதிரெதிராக அமர்த்த வேண்டும். ஒருமுறை ஆடிய இருவர் மறுபடியும் சந்திக்கக் கூடாது. வெள்ளைக் காயும் கறுப்புக் காயும் ஒருவருக்கு மாறி மாறி வரவேண்டும். ஆறேழு சுற்றுகளில் வெற்றியாளர் தெரிந்துவிடுவார்.

இந்தச் சோடி சேர்க்கும் வேலையை அந்தப் பெரியவர், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டையாக வைத்து, தரையில் பரப்பி, முழங்காலிட்டுக்கொண்டே செய்வாராம். இன்று கணினி அதைச் சில நொடிகளில் செய்துவிடுகிறது. ஆனால், எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைந்து ஒருவர் எதிராளியின்றி நிற்கும்போது அவருக்கு ஆடாமலே ஒரு புள்ளி தரப்படும் அல்லவா? ஆடுவதற்கென்றே வந்த குழந்தைக்கு அந்தப் புள்ளியால் என்ன மகிழ்ச்சி? அப்போது பெரியவர் தாமே எதிரே அமர்ந்து ஆடுவார். பதினேழு ஆண்டுகளில் அவர் ஆடியது பெரும்பாலும் அத்தகைய ஆட்டங்களே. கணினியால் அதைச் செய்ய இயலாது.

ஒரு நாட்டின் சதுரங்க வரலாறே இத்தகைய மனிதர்களைச் சார்ந்து நிற்கக் கூடும் என்பதற்கு நம் சென்னையே சான்று. மானுவேல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். ஒன்பது முறை தேசிய வெற்றிவீரர். அர்ஜுனா விருது பெற்றவர். அவர் தம் ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1972-இல், சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகையில் தால் பெயரால் ஒரு மன்றம் தொடங்க முன்னின்றார். மாநிலச் சதுரங்கக் கழகத்தின் செயலாளராகவும் பணிபுரிந்தார். அந்த தால் மன்றத்துக்குத்தான், தாயிடம் காய் நகர்த்தக் கற்றுக்கொண்ட விசுவநாதன் ஆனந்த் என்ற சிறுவன் ஆடப் போனான். விரைவு ஆட்டங்களில் வென்றவர் பலகையிலேயே இருக்க, தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். பலகையை விட்டு எழ மனமில்லாத சிறுவன் விரைந்து சிந்திக்கக் கற்றான். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனான். பின்பு உலக வெற்றிவீரனும் ஆனான்.

ஆனந்தின் திறமை ஆனந்துக்கே உரியது. அதை எந்த மன்றமும் உண்டாக்கிவிடவில்லை. ஆனால் மாலைதோறும் கதவைத் திறந்து, பலகைகளை எடுத்து வைத்து, விளக்கை அணைத்துப் பூட்டிச் சென்றவர்கள் யாராவது இருந்திருக்க வேண்டுமே! அவர்கள் பெயர்களை நாம் கேட்டதில்லை. 2022-இல் நாற்பத்து நான்காம் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது ஆனந்த் இந்திய அணியில் ஆடவில்லை, வழிகாட்டியாக நின்றார். அதே ஆகஸ்டு மாதம் சென்னையில் நடந்த தேர்தலில், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் துணைத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். கோப்புகளும் கூட்டங்களும் நிறைந்த பதவி அது. பலகையின்முன் அமர்வதைவிட அது இன்பமானதென்று எந்த ஆட்டக்காரரும் சொல்லமாட்டார்.

நம் கூட்டத்திற்கு வருவோம். அந்த மௌனம் நீண்டுகொண்டே போயிற்று. ஓர் இளைஞர் மெல்ல எழுந்து, வேறு ஓர் இளைஞரின் பெயரை முன்மொழிந்தார். அவர் சினத்தோடு மறுத்தார். (இது நம் சங்கங்களுக்கே உரிய ஒரு கலை: பிறரை முன்மொழிவதில் நாம் வள்ளல்கள்.) இறுதியில், பின்வரிசையில் கதவோரம் நின்றிருந்த ஒருவர் கையை உயர்த்தினார். அவர் மன்ற உறுப்பினரே அல்லர். மகளை ஆட அழைத்துவந்து, முடியும்வரை காத்திருக்கும் தையற்காரர்.

"சாமி, எனக்கு ஆடத் தெரியாது. குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. ஆனால் கணக்கு எழுதுவேன். சொன்ன தேதிக்குத் துணி கொடுத்துப் பழக்கம் உண்டு" என்றார்.

சிலர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, அவர் நின்ற இடத்திற்கே நடந்து சென்றார். அங்கேயே உறுப்பினர் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பட்டியலில் அவர் பெயரையும் எழுதினார்.

முதலாண்டு எளிதாகக் கழிந்ததென்று சொல்லமாட்டேன். அவர் நடத்திய முதல் போட்டியில், ஏற்கெனவே ஆடிய இருவரையே மூன்றாம் சுற்றில் மறுபடியும் அமர்த்திவிட்டார். ஒரு தந்தையார் அறை அதிரக் கூச்சலிட்டார். தையற்காரர் எதிர்வாதம் செய்யவில்லை. "தவறு என்னுடையது, பத்து நிமிடம் கொடுங்கள்" என்று சொல்லி, அந்தச் சுற்றையே திரும்பச் சோடி சேர்த்தார். அன்றிரவு அவர் என்னிடம் வந்து, விட்டுவிடலாமா என்று கேட்டார். தொழிலில் அன்று அவருக்கு இரண்டு துணி தாமதமாகியிருந்தது. வீட்டில் மனைவிக்கும் வருத்தம். நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பதைவிட, என்ன சொல்ல எனக்குத் தகுதி இருந்தது என்பதே இப்போது என்னை உறுத்துகிறது. ஏனெனில் அம்மன்றத்தின் கௌரவத் தலைவர் நான்தான்! அழைப்பிதழில் என் பெயர் முதலில் இருக்கும். பரிசளிப்பன்று மாலை வாங்கிக்கொள்வேன். பதினேழு ஆண்டுகளில் பெரும்பகுதி நான் அந்தத் தலைவர். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தை ஒருமுறையேனும் திறந்து பார்த்தவனல்லன். பெரியவர் நோயுறும்வரை, அவருக்கு ஒரு துணைச் செயலாளர் வேண்டும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. இத்தனை ஆண்டு ஒருவர் ஒரே பணியைச் செய்தார் என்று பெருமையாகப் பேசினோம். உண்மையில், அவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள ஒருவரையும் நாங்கள் பழக்கவில்லை என்பதே அதன் பொருள்.

ஆகவே அன்றிரவு இருவருமாக அமர்ந்து, வேலையைப் பிரிக்கத் தொடங்கினோம். பணத்தை வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது. அது அவருக்கே பாதுகாப்பு. நம் நாட்டில் பொதுப்பணத்தைத் தொட்டவன்மீது ஐயம் விழுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. பற்றுச்சீட்டு ஒன்று கையில் இருந்தால் அந்த ஐயம் நிற்காது. சோடி சேர்ப்பதைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கத் தீர்மானித்தோம். செயலாளர் எவரும் மூன்றாண்டுக்கு மேல் தொடரலாகாது என்றும், முடியும் ஆண்டில் அடுத்தவர் உடனிருந்து பழக வேண்டும் என்றும் எழுதிக்கொண்டோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ், ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். உள்ளரங்க விளையாட்டுகளை வளர்ப்பதும் அச்சட்டம் ஏற்கும் நோக்கங்களுள் ஒன்று. அந்த ஏழு கையொப்பங்களைத் திரட்ட எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. ஆறாவது கையொப்பம், அன்று கூச்சலிட்ட தந்தையாருடையது.

பொறுப்பேற்றவரும் மாதம் ஒரு ஞாயிறாவது ஆடவேண்டும் என்றும் ஒரு விதியைச் சேர்த்தோம். அதைச் சொன்னவர் அந்தக் கல்லூரிப் பெண்தான். "இல்லையென்றால் என் தோழிகள் யாரும் வரமாட்டார்கள்" என்றாள். இத்தனை வயதில் எனக்குத் தோன்றாத ஒன்று.

தையற்காரர் மூன்றாண்டு முடித்துவிட்டார். பொன்னாடை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்; துணியின் தரம் அவருக்குத் தெரியுமாம். அவர் மகள் இப்போது பள்ளி இறுதி வகுப்பு. தேர்வு முடியும்வரை ஆட வருவதில்லை. அவர் மட்டும் வருகிறார். குதிரை எப்படிப் போகும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். என் கௌரவத் தலைவர் பதவியை இவ்வாண்டு விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, ஞாயிறு மூன்றே முக்காலுக்கு அறையைத் திறந்து பன்னிரண்டு பலகைகளை எடுத்து வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். சென்ற வாரம் இரண்டு கறுப்புச் சிப்பாய்கள் குறைந்தன. எண்ணி வாங்காதது என் தவறு என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது.